சொட்டு மருந்தாலதான் போலியோ வந்துச்சாமே?

மூன்றாவது தவணைத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்த ஒரு அம்மா, உட்காருவதற்கு முன்பே போனை என் பக்கம் நீட்டினார். "டாக்டர், காஸாவுல போலியோ வந்ததே சொட்டு மருந்தாலதானாமே?" வாட்ஸ்அப்பில் வந்ததாம். பாதி உண்மை, அதனால்தான் இத்தனை வேகமாகப் பரவுகிறது. "எல்லாம் பொய்ம்மா" என்று அனுப்பிவிடலாம், ஆனால் அந்தப் பாதியை டாக்டரே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கட்சி.

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி. குடலில் சில வாரம் பெருகி மலத்தோடு வெளியேறும். சுற்றியுள்ள பிள்ளைகளும் மருந்து போட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது. போடாத பிள்ளைகள் நிறைய, சாக்கடை தெருவில் ஓடுகிறது என்றால், ஒரு குடலிலிருந்து இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் தாவித் தாவி, மெல்ல மாறி, பழைய முரட்டுத்தனத்தைத் திரும்பப் பெற்றுவிடும்.

2022-ல் காஸாவில் 99 சதவீதக் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து போட்டிருந்தது. போர் வந்தது, தவணைகள் தவறின, கழிவுநீர் நிலையங்கள் நின்றன, கூடாரங்களுக்கு நடுவே சாக்கடை தேங்கியது. 2024 ஜூலையில் கான் யூனிஸ், டெய்ர் அல் பலா கழிவுநீரில், மருந்திலிருந்து மாறிய இரண்டாம் வகைக் கிருமி (போலியோ கிருமியில் மூன்று வகை உண்டு). ஆகஸ்டில் 10 மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் முடங்கியது, அங்கே 25 ஆண்டுகளில் முதல்முறை. போலியோ தொற்றிய பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது என்பதால், ஒரு குழந்தை முடங்கினால் பின்னால் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் கணக்குப் போடுவோம்.

சரி, அப்படியானால் மருந்துதானே குற்றவாளி? சிரியாவைப் பாருங்கள். மருந்து போட்ட குழந்தைகள் 2010-ல் 91 சதவீதமாக இருந்தது, போரில் 2012-ல் 68-க்கு இறங்கியது. 2013-ல் டெய்ர் எஸ் ஸோரில் வந்தது மருந்துக் கிருமி அல்ல, இயற்கையாகப் பரவும் அசல் காட்டுக் கிருமி. 2017-ல் சிரியாவில், பெரும்பாலும் அதே மாகாணத்தில், 74 குழந்தைகளை முடக்கியதோ மருந்திலிருந்து மாறிய வகை. ஓட்டை ஒன்றுதான், நுழைந்தவைதான் வேறு வேறு.

காஸாவில் அதை அடக்கப் போட்டதும் சொட்டு மருந்துதான், எளிதில் மாறாதபடி புதிதாகச் செய்தது. 2024 செப்டம்பரில் தினமும் சில மணி நேரம் சண்டையை நிறுத்தி, ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

"அப்ப இவனுக்கு?" என்றார். 2016 முதல் வழக்கமான சொட்டு மருந்தில் இரண்டாம் வகை கிடையாது, அதற்கு ஊசி இருக்கிறது என்றேன். குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சதுரத்தையும் காட்டினேன், சூடுபட்டால் அது கறுக்கும். வெளுப்பாகவே இருந்தது. அவரே பையனின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தார்.