பேச்சு தெளிவாக் கேட்டா ஃபாக்ஸும் போகும்னு யார் சொன்னது?

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் ஃபாக்ஸை இன்னும் விடாத அலுவலகங்கள் இருக்கின்றன. ஒரு லினக்ஸ் கணினி, அதில் ஃபாக்ஸ் அனுப்பவும் வாங்கவும் ஹைலாஃபாக்ஸ் என்ற மென்பொருள், பக்கத்தில் ஒரு மோடம். அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் ஓடும். செப்பு லைனைக் கழற்றிவிட்டு ஃபைபருக்கு மாறியதும் ஃபாக்ஸ் பாதிப் பக்கத்தில் நிற்க ஆரம்பிக்கும். உடனே ஹைலாஃபாக்ஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸையே அழிக்கிறார்கள். இந்த வாரமும் ஓர் இடத்தில் இதே கூத்து. வந்து சேர்ந்திருந்த பழைய ஃபாக்ஸ் கோப்புகளும் சேர்ந்தே போய்விட்டன. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

"போன்ல பேச்சு கணீர்னு கேக்குதே சார், லைன்ல எப்படிக் கோளாறு இருக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஃபைபர் பெட்டியின் போன் துளையில் வருவது பழைய தொலைபேசி லைன் இல்லை. அந்தப் பெட்டி ஒலியைப் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி இணையம் வழியாக அனுப்புகிறது. ஒரு துண்டு தொலைந்தால் முந்தைய துண்டை வைத்து ஒப்பேற்றிவிடும், காது கண்டுகொள்ளாது. ஆனால் நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஓடும் ஃபாக்ஸ், அந்த 20 மில்லிசெகண்டுக்குள் 288 பிட்டுகளை அனுப்பியிருக்கும். அங்கே ஒப்பேற்ற வழியே இல்லை. நடுவில் ஜி.729 சுருக்கம் இருந்தால் சுத்தம்! நொடிக்கு 8,000 பிட்டில் மனிதக் குரலைக் காப்பாற்றுவதற்காக வந்த முறை அது. மோடத்தின் ஒலி அதில் கூழாகிவிடும். ஜி.711 நொடிக்கு 64,000 பிட், ஓரளவு தாங்கும். முறையான வழி, ஃபாக்ஸை ஒலியாக்காமல் தரவாகவே இணையத்தில் அனுப்பும் டி.38 தான். ஆகவே இணைப்புக் கொடுத்தவரிடம் "லைன் நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார். "டி.38 உண்டா? இல்லையென்றால் ஜி.711 மட்டும் போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். அதுவரை வேகத்தை 9,600க்கு இறக்குங்கள். கால் வெயிட்டிங்கையும் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு 'பீப்' போதும், பக்கம் அறுந்துவிடும்.

எதில் கை வைக்கும் முன்பும் லாக் கோப்பைப் படியுங்கள். ஹைலாஃபாக்ஸ் தன் கோப்புகளைப் போட்டு வைக்கும் ஸ்பூல் அடைவுக்குள் 'லாக்' என்ற அடைவு இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் 'சி' எழுத்தில் தொடங்கும் ஒரு கோப்பு. விவரம் போதவில்லை என்றால் மோடத்தின் கான்ஃபிக் கோப்பில் செஷன்ட்ரேசிங் மதிப்பை 4095 ஆக்குங்கள். இடப்பக்கம் பார்க்கும் அம்பு கணினி சொன்னது, வலப்பக்கம் பார்ப்பது மோடத்தின் பதில். 'நோ டயல்டோன்' என்றால் சாதாரண போனை அதே வயரில் சொருகிப் பாருங்கள். டோன் கேட்டும் மோடத்துக்குப் பிடிபடவில்லையா? டயல் கட்டளையில் எக்ஸ்3 சேருங்கள், டோனுக்குக் காத்திருக்காது. இன்டர்காம் வழியாகப் போகிறவர்கள் வெளி லைன் எடுக்கும் 0க்குப் பின்னால் ஒரு கமா போடுங்கள், வழக்கமாக 2 நொடி நிற்கும். மோடத்தைப் பழக்க முடியவில்லை என்ற பொருளில் 'டிரெய்ன்' என்று வந்தால் மேலே சொன்ன லைன் சங்கதிதான்.

மோடம் தயாராவதற்காகக் காத்திருப்பதாக, நிலையைக் காட்டும் ஃபாக்ஸ்ஸ்டாட் கட்டளை சொல்லிக்கொண்டே இருந்தால், மோடம்மேனேஜர் என்ற சேவை போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா பாருங்கள். டாங்கிள் இல்லாத கணினியில் அதை நிறுத்தி முடக்கிவிடலாம். உள்ளே வரும் ஃபாக்ஸை எடுக்கவில்லையென்றால், அழைப்பை எடுக்கும் நிரலான ஃபாக்ஸ்கெட்டி ஓடுகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

மோடத்தை ஹைலாஃபாக்ஸில் சேர்க்கும்போது ஃபாக்ஸ்ஆட்மோடம் என்ற கட்டளை கேட்கும் கேள்விகளுக்கு என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள். முன்கூட்டியே இருக்கும் பதில்கள் அமெரிக்காவுக்கானவை: நாட்டுக் குறியீடு 1, வெளிநாட்டுக்கு 011. நமக்கு 91, வெளியூருக்கு 0, வெளிநாட்டுக்கு 00. ஊர்க் குறியீடு ராமநாதபுரம் என்றால் 4567, ராமேஸ்வரம் என்றால் 4573, முன்னால் 0 இல்லாமல்.

உப்புக்காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போன் வயரின் பின்னைக் கழற்றிப் பாருங்கள், செம்பில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தும் போகவில்லையா, பின்னை வெட்டிப் போட்டுப் புதிது அடியுங்கள், சில ரூபாய் வேலை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் செப்பு லைன் வைத்திருப்பவர்கள் கரண்டை மட்டும் அணைத்தால் போதாது, போன் வயரையும் பிடுங்க வேண்டும். மின்னல் பட்ட மோடத்துக்கு ஓர் அடையாளம்: கணினியிலிருந்து ஏடி என்ற மோடம் கட்டளையை அடித்தால் 'ஓகே' சொல்லும், டயல்டோன் மட்டும் எடுக்காது. கணினிப் பக்கம் உயிரோடு இருக்கிறது, லைன் பக்கம் எரிந்துவிட்டது. அதற்கு எந்தக் கான்ஃபிக்கும் மருந்தில்லை.

மாற்று வாங்கும்போது மதர்போர்டில் குத்தும் மலிவு கார்டு வேண்டாம். அதில் பலதும் பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில் கட்டுகிற ரகம், லினக்ஸில் பொம்மை. சீரியல் போர்ட்டும் தனி அடாப்டரும் உள்ள வெளி மோடம், கிளாஸ் 1 அல்லது 2.0 (கணினி மோடத்திடம் ஃபாக்ஸ் வேலை வாங்கும் கட்டளை முறைகள்) ஃபாக்ஸ் உண்டு என்று எழுதியிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். சீரியல் கேபிள் எல்லாப் பின்னும் இணைத்ததாக இருக்க வேண்டும். மூன்று கம்பிக் கேபிளில், 'கொஞ்சம் நில், இப்போ அனுப்பு' என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் கிடையாது, பெரிய பக்கம் வந்ததும் தடுமாறும்.