நட்சத்திரக் குறி எவ்வளவு தூரம் ஓடும்?

நிரல் எழுதும் எடிட்டரில் தேடு-மாற்று பெட்டியைத் திறந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொத்தானை அழுத்திவிட்டால், குறிப்பிட்ட ஒரு சொல்லை மட்டுமல்ல, எழுத்துகள் அமைந்திருக்கும் ஒழுங்கையே தேடலாம்.

கோப்பு முழுக்க "சிவப்பு", "பச்சை" என்பதுபோல மேற்கோள் குறிக்குள் இரண்டிரண்டு மதிப்புகள். அவற்றை இடம் மாற்ற வேண்டும். தேடும் பெட்டியில் இப்படி எழுதுகிறோம்:

"(.*)", "(.*)"

மாற்றும் பெட்டியில்:

"$2", "$1"

புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. நட்சத்திரக் குறி என்றால் அது எத்தனை முறை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அடைப்புக்குறிக்குள் சிக்கியதை எடிட்டர் நினைவில் வைத்து $1, $2 என்று திருப்பித் தருகிறது. விம் எடிட்டரில் இதற்கு \1, \2.

ஒரு வரியில் மட்டும் "சிவப்பு", "பச்சை", "நீலம்" என்று மூன்று இருந்தால்? முதல் இரண்டும் இடம் மாறும் என்று எதிர்பார்ப்போம். கிடைப்பதோ "நீலம்", "சிவப்பு", "பச்சை". இதில் இலக்கணப் பிழை இல்லை, அதனால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரும் வாய் திறக்காது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

முதல் நட்சத்திரம் எடுத்த எடுப்பில் வரியின் கடைசிவரை ஓடிவிடுகிறது. அடுத்து வரவேண்டிய மேற்கோள் குறியும் காற்புள்ளியும் அங்கே இல்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பின்வாங்குகிறது. பொருந்தும் முதல் இடம் "நீலம்" என்பதற்குச் சற்று முன்னால். அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே $1-இல் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே சிக்கிக்கொள்கின்றன.

பலர் .*? என்று எழுதி, முடிந்தவரை குறைவாகவே எடுக்கும்படி நட்சத்திரத்தை அடக்குவார்கள். இங்கே அது போதும். ஆனாலும் பொருத்தம் கிடைக்காவிட்டால் அது மேற்கோள் குறியையும் தாண்டிப் போகும். "([^"]*)" என்று எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். மேற்கோள் குறி தவிர வேறு எதுவும் வரலாம் என்று பொருள். தாண்ட வழியே இல்லை.

இந்தப் பின்வாங்கலுக்கு நேரமும் செலவாகும். ஒன்றையடுத்து ஒன்றாக நட்சத்திரங்கள் வந்தால், யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று எல்லாச் சேர்க்கைகளையும் முயல வேண்டியிருக்கும். 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை அரை மணி நேரம்போல முடங்கியதற்குக் காரணம், .*.*=.* போன்ற பகுதியைக் கொண்ட ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதி.

பின்வாங்காமல் எல்லா வாய்ப்புகளையும் ஒரே நேரத்தில் பின்தொடரும் முறையை, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1968-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். விஷுவல் ஸ்டுடியோ கோடு எடிட்டரில் கோப்புறை முழுக்கத் தேடும்போது இயங்கும் ரிப்கிரெப் என்ற தேடல் கருவி இயல்பாக அந்த வழியில்தான் போகிறது. ஏற்கெனவே பிடித்த பகுதி அதே தேடலில் மறுபடி வருகிறதா என்று பார்க்கும் வசதியை விட்டுக்கொடுத்துத்தான், பின்வாங்கலில் நேரம் வீணாகாது என்ற உறுதியைப் பெறுகிறது.