உங்கள் முதிய நோயாளி வியட்நாமில் இருந்தாரா?

அமெரிக்காவில் பொது மருத்துவராக இருக்கிறேன். எழுபது வயது தாண்டிய ஆண் ஒருவர் முதல்முறை வந்து உட்கார்ந்தால், பிரஷர் பார்ப்பதற்கு முன்பே ஒன்று கேட்டுவிடுவேன்: ராணுவத்தில் இருந்தீர்களா, எங்கே, எந்த வருடம்? அவர்களாகச் சொல்வது அபூர்வம். கேட்டாலும் "அதெல்லாம் ஐம்பது வருஷத்துப் பழைய கதை டாக்டர்" என்று பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை தென் வியட்நாமின் காடுகளிலும் வயல்களிலும் ஏறக்குறைய 2 கோடி கேலன் களைக்கொல்லி தெளித்தது. இலை உதிர்ந்தால் எதிரி ஒளிய இடமிருக்காது, பயிர் கருகினால் அவனுக்குச் சோறு கிடைக்காது என்பது கணக்கு. அதில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்சு, பீப்பாயில் இருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். அதிலிருந்த ஒரு ரசாயனத்தைத் தயாரிக்கும்போதே டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் கூடவே உருவாகிக் கலந்துவிட்டது. உடம்பில் போனால் கொழுப்பில் தங்கிவிடும், பாதி வெளியேறவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். (அந்த மண்ணிலேயே வாழ்ந்த வியட்நாமிய மக்கள் பட்டதும் இன்றுவரை படுவதும் தனியாக எழுத வேண்டிய கொடுமை.)

ஒருவர் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று வந்தார். மடியில் சும்மா வைத்திருந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டே இருந்தன, பேனாவை எடுக்கச் சொன்னதும் ஆட்டம் நின்றது. பார்க்கின்சன். ஏற்கெனவே சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். மூன்றுக்கும் மூன்று டாக்டர்கள், ஆனால் வியட்நாமில் இருந்தீர்களா என்று அதுவரை யாரும் கேட்டதில்லையாம். "நான் மருந்தே அடிக்கலையே, லாரிதானே ஓட்டினேன்" என்றார். அப்புறம் யோசித்து, காலிப் பீப்பாய்களைக் கழுவி அதில்தான் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைப்போம் என்றார். பக்கத்தில் இருந்த மனைவி அவரையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கே அது புதுச்செய்தி.

தெளித்தவர்களுக்குத்தான் பாதிப்பு என்ற இந்த நினைப்பால்தான் நிறையப் பேர் படைவீரர் நலத்துறை தரும் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்காமலேயே இருக்கிறார்கள். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரைக்குள் வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தாலே போதும், நஞ்சு பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த இடத்தில் எப்படிப் பட்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கரையோரக் கடலில் கப்பலில் இருந்தவர்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. 2022இல் வந்த பேக்ட் சட்டம் தாய்லாந்துத் தளங்களையும் பசிபிக் தீவான குவாமையும் சேர்த்தது.

இந்த நஞ்சால் வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் நோய்ப் பட்டியலும் நீளம். டைப் 2 சர்க்கரை, இதய ரத்தக்குழாய் அடைப்பு, பார்க்கின்சன், புராஸ்டேட், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்கள், லிம்போமா, மல்டிபிள் மைலோமா என்ற ரத்தம் சார்ந்த புற்றுநோய்கள், தைராய்டு குறைவு. உயர் ரத்த அழுத்தம் 2022இல்தான் சேர்ந்தது, அதனால் முன்பு அதற்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள் மறுபடி போடலாம். இதெல்லாம் வயதானாலே வருகிற நோய்தானே என்றால், ஆமாம், ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் பலனைப் போருக்கு அனுப்பப்பட்டவருக்கே கொடு என்கிறது சட்டம், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ரத்தத்தில் டயாக்சின் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், இத்தனை வருடம் கழித்து அதில் தெரிவது எதுவும் சிகிச்சையை மாற்றாது, விண்ணப்பத்துக்கும் அது தேவையில்லை. இன்னொன்று, படைவீரர் நலத்துறை செய்யும் இலவச ஏஜென்ட் ஆரஞ்சு பதிவேட்டுப் பரிசோதனைக்குப் போய்வந்துவிட்டு, இழப்பீட்டுக்கும் எழுதிக்கொடுத்தாயிற்று என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

வேண்டியவை டிடி 214 என்ற பணிவிடுப்புச் சான்று, நோயை உறுதிசெய்யும் மருத்துவக் குறிப்பு, இரண்டும்தான். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முதலில் தெரிவித்து வைத்தால் அந்தத் தேதி ஓராண்டு வரை காக்கப்படும், அதற்குள் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். டிஏவி, அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது, எனவே காசு கேட்கிற இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். பட்டியலில் உள்ள நோயால் கணவர் இறந்துவிட்டிருந்தால் மனைவியும் விண்ணப்பிக்கலாம், பல வருடம் ஆகிவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.