சோப்புப் படலத்தின் கறுப்பு உச்சி

"இரண்டு ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் அவற்றின் ஆற்றல் எங்கே போகிறது?" என்று பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. பாடத்தில் ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே விட்டு ஒளிப்பட்டைகளையும் இருள்பட்டைகளையும் காணும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனைக்குப் படம் போட்டு, பட்டை அகலத்துக்குச் சமன்பாடு வருவித்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

ஓர் அலையின் முகட்டோடு (மேட்டோடு) மற்றதன் முகடு சேர்ந்தால் ஒளி கூடும், அது ஆக்கக் குறுக்கீடு; முகட்டோடு அகடு (பள்ளம்) சேர்ந்தால் ஒளி அழியும், அது அழிவுக் குறுக்கீடு. சரி, இது தெரிந்ததுதான். ஒரு கம்பி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, கறுப்புத் துணிக்கு முன்னால் செங்குத்தாகப் பிடியுங்கள். நீர் வடிய வடிய வண்ணப் பட்டைகள் கீழே இறங்கும். அப்புறம் உச்சிப்பகுதி கறுத்துவிடும். அங்கே படலமே இல்லை என்று தோன்றும்; விரல் பட்டு உடையும்போதுதான் அது இருந்தது தெரியும். நியூட்டனே இந்தக் கறுப்பைக் கவனித்துக் குறித்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். கறுத்த பகுதியின் தடிமன் அதில் சிறு பங்குதான். ஆக, முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எதிரொளித்து வரும் இரண்டு அலைகளுக்கும் பாதை வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. முகட்டோடு முகடு சேர்ந்து பளிச்சென்று அல்லவா தெரிய வேண்டும்? காற்றிலிருந்து வந்து நீரில் மோதித் திரும்பும் அலை, சுவரில் கட்டிய கயிற்றில் ஓடும் துடிப்பைப் போலத் தலைகீழாகத் திரும்புகிறது. நீருக்குள்ளிருந்து காற்றின் எல்லையில் மோதித் திரும்பும் அலை அப்படிக் கவிழ்வதில்லை. அதனால் ஒன்றின் முகட்டில் மற்றதன் அகடு வந்து உட்காருகிறது.

இனி ஆற்றல் கணக்கு. ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அலைகள் ஒத்துப்போகும் இடத்தில் வீச்சு (அலையின் உயரம்) இரண்டு மடங்கு, அதன் வர்க்கமான செறிவு (ஒளியின் வலிமை) நான்கு மடங்கு: ஏறக்குறைய 8 சதவீதம். முரண்படும் இடத்தில் பூஜ்யம். சராசரி 4, அதாவது 2 கூட்டல் 2. எதுவும் தொலையவில்லை. கறுத்த இடத்தில் ஒளி முழுக்கப் படலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது. பளிச்சென்ற இடத்தில் 92 சதவீதம்தான் போகிறது.

பள்ளி ஆய்வகங்களுக்கு நிதி போதாது என்பது உண்மை, அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் கம்பிக்கும் சோப்புக்கும் எந்த அரசாணையும் தேவையில்லையே!

மூக்குக்கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. மக்னீசியம் ஃபுளூரைடு என்ற சேர்மத்தை ஒரே அடுக்காகப் பூசினால் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அங்கே பூச்சின் மேற்பரப்பிலும் அடியிலுள்ள கண்ணாடியிலும் நிகழும் இரண்டு எதிரொளிப்புமே கவிழ்வதால், கால் அலைநீளத் தடிமன் கொடுத்து, போய்த் திரும்பும் பாதையை அரை அலைநீளமாக்கி முரண்பாட்டை உண்டாக்குகிறார்கள். திரும்பாத ஒளி கண்ணுக்குள் போகிறது. பச்சைக்குப் பொருந்தும் தடிமன் சிவப்புக்கும் நீலத்துக்கும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பூச்சில் தெரியும் ஊதாச் சாயல் அவை இரண்டும் கொஞ்சம் திரும்பி வருவதால்தான்.