பம்பிங் சரியான பிறகும் ஒரு எக்கோ

காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு இன்னும் கரை திரும்பவில்லை என்று தகவல் வருகிறது. மகனை அதில் அனுப்பிய அறுபது வயது அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஈசிஜி மாரடைப்பு போலவே காட்டுகிறது. ஆஞ்சியோ செய்தால் வலிக்குக் காரணமான அடைப்பு இல்லை. “வெறும் டென்ஷன்தான்” என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள்.

அப்படி விட்டுவிடக் கூடாது. இதயத் தசை நிஜமாகவே அடிபட்டிருக்கலாம். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்த இந்த நோய்க்குத் தகோட்சுபோ என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதிர்ச்சியில் பெருக்கெடுக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள்தான் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

எக்கோவில் இது தெளிவாகவே தெரியும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்திப் பிடிப்பார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் தசையில் பட்டுத் திரும்புவதே திரையில் படமாகிறது. இடது கீழறையின் நுனி அசையாமல் உப்பி நிற்கும். வால்வு இருக்கும் பக்கமோ வேகமாகச் சுருங்கும். பார்க்கக் குடம் மாதிரி இருக்கும். நுனியில் ரத்தம் தேங்கிக் கட்டியாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே தேடுவார்கள். கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பெரும்பாலோருக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பம்பிங் தேறிவிடுகிறது. 35 சதவீதத்துக்கு இறங்கியது 60-க்கு வந்ததும், “வலியும் போச்சு, கூலியை விட்டுட்டு எதுக்கு இன்னொரு எக்கோ?” என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பம்பிங் என்பது இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்கிற மொத்தக் கணக்கு மட்டுமே. ஸ்ட்ரெயின் என்ற இன்னொரு அளவு இருக்கிறது. எக்கோ படத்தில் தசை முழுக்கத் தெரியும் பொடிப் புள்ளிகளைக் கணினி பின்தொடர்ந்து, ஒவ்வொரு துடிப்பிலும் தசை நீளவாக்கில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்று கணக்கிடும். சராசரியாக 20 சதவீதம் இருந்தால் நல்லது. பம்பிங் சரியான பிறகும் சிலருக்கு இந்த அளவு குறைவாகவே இருக்கும். மூச்சு வாங்குகிறது, அசதி தீரவில்லை என்று அவர்கள் சொல்வதை யாரும் மனப்பிரமை என்று ஒதுக்கக் கூடாது.

படம் எடுக்கும் கோணம் சற்றுச் சரிந்தாலும் நுனி வெட்டுப்பட்டு, தேறாத இதயம் தேறியது போலக் காட்டும். அதனால் ஸ்டான்லியில் பார்த்தாலும் சரி, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் பார்த்தாலும் சரி, பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.