ட்ரான்ஸ்பிளான்ட்: வெறும் 'மாற்று' எண்டா விளங்குமோ?

எங்கட பெரியம்மாவுக்கு நுரையீரல்ல பிரஷர் எண்டு கண்டுபிடிச்ச பிறகு ஒருநாள் கிளினிக் கொப்பியோட வந்திருந்து, "தம்பி, கடைசியா மாற்றுச் சிகிச்சை எண்டும் ஒண்டு இருக்காம், அது நாட்டு வைத்தியமோ?" எண்டு கேட்டா. அவ கேட்டதில பிழையில்லை, ஹோமியோபதியையும் மாற்று மருத்துவம் எண்டுதானே பேப்பர்ல போடுறாங்கள், அதே சொல்லைத்தான் நெஞ்சைத் திறந்து உறுப்பை மாத்திறதுக்கும் எழுதுறம்.

ட்ரான்ஸ்பிளான்ட் லத்தீன்ல இருந்து வந்தது, 'ட்ரான்ஸ்' எண்டா கடந்து, 'பிளாந்தாரே' எண்டா நடுறது. முதல்ல தோட்டத்துச் சொல், உடம்புக்குப் பிறகுதான் வந்தது. புகையிலைக் கண்டை நாத்து மேடையில இருந்து வேரறாமக் கிளப்பி, வெயில் தாழ நட்டு, தண்ணி ஊத்தி, வேர் பிடிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறமே, அதே வேலைதான். உறுப்பையும் உடம்பு ஏற்கோணும், அதுக்குத்தான் எதிர்ப்புச்சக்தியை அடக்கிற குளிசையைச் சாகுமட்டும் போடுறது.

நுரையீரல் எண்டது அருமையான சொல். நுரை மாதிரிக் காத்து நிறைஞ்ச ஈரல், ஆட்டின்ர துண்டொண்டைத் தண்ணியில போட்டா மிதக்கும். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில சுவாசப்பை எண்டும் இருக்கு. ரத்தக்குழாயிலதான் குழப்பம், நாங்கள் நாடி எண்டுறதைத் தமிழ்நாட்டில தமனி எண்டுவினம்.

இந்தப் பிரஷர் கையில பட்டி கட்டிப் பாக்கிறதில்லை. இதயத்தின்ர வலப்பக்கத்தில இருந்து நுரையீரலுக்குப் போற நாடியில வாற அழுத்தம், இதயத்துக்குள்ள குழாய் விட்டு அளக்கேக்க ஓய்வில இருக்கிற ஆளுக்குச் சராசரி 20 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டினா இந்த வருத்தம். சின்னக் குழாயள் தடிச்சு ஒடுங்கிப்போக வலப்பக்க இதயம் தள்ளித் தள்ளியே களைச்சுப்போகும். மருந்துகள் இருக்கு, அதுகள் கேக்காட்டித்தான் ட்ரான்ஸ்பிளான்ட் எண்ட கதை வரும்.

1981ல அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட்ல புரூஸ் ரைட்ஸ் குழு முதல்முதலா வெற்றியா இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து வைச்சது இந்த வருத்தக்கார அம்மா ஒராளுக்குத்தான், அவ பிறகு அஞ்சு வருஷம் இருந்தவ. இப்ப அநேகமா ரெண்டு நுரையீரலும் மட்டும் காணும், பாரம் குறைஞ்சவுடன வலப்பக்க இதயம் தானே தேறுது. பிறவியிலயே இதயத்தில சிக்கலான கோளாறு உள்ளவைக்குத்தான் ரெண்டையும் சேர்த்து மாத்திறது கூட. அதால இதய-நுரையீரலோ, இரட்டை நுரையீரலோ எண்டு பிரிச்சுச் சொல்லோணும்.

அந்தக்காலம் மானிப்பாயில மருத்துவத்தைத் தமிழிலயே படிப்பிச்ச டொக்டர் சாமுவேல் கிறீன் சத்திரசிகிச்சையை இரணவைத்தியம் எண்டு எழுதினவர், புண்ணோட புழங்கிற சனத்துக்குக் கேட்டவுடன விளங்கிற சொல். அப்பிடிப் பாத்தா நடுகை நல்லாத்தான் இருக்கு, ஆனா இண்டைக்குக் கேக்கிறவைக்கு வயல்தான் ஞாபகம் வரும். என்ர மனசுக்கு 'நுரையீரல் மாற்றிப் பொருத்தல்' சரி, மாத்திறதும் இருக்கு பொருந்தோணும் எண்டதும் இருக்கு.

பெரியம்மாவுக்கு அப்பிடிச் சொன்னவுடன, "அப்ப ஆற்றையோ நுரையீரலை எனக்கு வைக்கிறதோ?" எண்டு கேட்டா.