பாதியில் விட்டுப் போனவர்களைக் கேட்டீர்களா?

இணையத்தில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பித்து முடித்ததும் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நிற்கும். "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" சராசரி நான்கைத் தாண்டிவிட்டால் துறைக்கூட்டத்தில் எல்லோருக்கும் திருப்தி. மக்கள் கருத்தைக் கேட்டாயிற்று, மக்களும் பாராட்டிவிட்டார்கள்.

பொதுச் சேவைகளை மறுவடிவமைக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்த எண்ணைக் கண்டாலே சந்தேகம்தான். கேள்வி இருப்பது கடைசிப் பக்கத்தில். அதுவரை வந்து சேர்ந்தவர் எப்படியோ கரையேறியவர். ஓடிபி வராமல் நடுவில் நின்றவர், ஆவணத்தின் அளவைக் குறைக்கத் தெரியாமல் மூடிவிட்டவர், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததால் நிராகரிக்கப்பட்டவர் என யாருமே அந்த நட்சத்திரங்களைப் பார்த்ததில்லை. சேவையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

அதனால் மக்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சேவையைச் சீரமைக்கப் போகிறோம் என்றால், எந்தச் செயலி வாங்குவது என்பதற்கு முன்னால் கேள்வியை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்ற கணக்கு பெரும்பாலும் சர்வரிலேயே கிடக்கும். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதிகம் பேர் விட்டுப்போகும் பக்கத்திலேயே "இங்கே என்ன தடை?" என்று ஒரே ஒரு கேள்வி வைத்தால் போதும், ஒரு வாரத்தில் வரும் பதில்கள் தடிமனான ஆய்வறிக்கையைவிட உருப்படியாக இருக்கும். உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளின் பதிவும் அப்படித்தான். அதில் "தகவல் கேட்டார்" என்று மட்டும் எழுதாமல், கேட்டவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: பிறருக்காக விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர்கள். அம்மாவுக்காக நிரப்பும் மகள், இணைய மையம் நடத்துபவர், தொண்டு அமைப்பில் வேலை செய்பவர். ஒரே கைபேசி எண்ணிலிருந்து பல விண்ணப்பங்கள் வந்தால் கணினி அதை மோசடியாகப் பார்க்கும்; துறையும் தடுக்கத்தான் நினைக்கும். சில சமயம் மோசடி இருக்கவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்களை முடக்குவதற்கு முன்னால் அழைத்துப் பேசிப் பார்க்கலாமே. ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பியவருக்கு, எந்தக் கட்டத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது அதை வடிவமைத்தவரைவிட நன்றாகத் தெரியும். ஓடிபி வேறு ஊரில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறது, அவர் வேலையில் இருக்கிறார், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இது அலுவலக மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றுகிற பிரச்சினை இல்லை.

கருவி யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய பிரச்சினைதான் மேலே வரும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012-இல் ஸ்ட்ரீட் பம்ப் என்ற செயலியை வெளியிட்டது. காரில் போகும்போது போன் குலுங்குவதை வைத்து, சாலை எங்கே மோசமாக இருக்கிறது என்று தானாகவே குறித்துக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் ஸ்மார்ட்போன் குறைவாக உள்ள ஏழைகளும் முதியவர்களும் வாழும் பகுதிகளின் பள்ளங்கள் இதில் பதிவாகாமல் போய்விடும் என்ற கேள்வி எழுந்தது. நகரம் முழுக்கப் பணிக்குச் செல்லும் மாநகராட்சியின் சாலை ஆய்வாளர்களிடமே முதலில் செயலியைக் கொடுத்தது இந்தச் சாய்வைக் குறைக்க உதவியது. இதில் இன்னொரு சுவாரசியம், பல இடங்களில் குலுக்கலுக்குக் காரணம் பள்ளமே இல்லை. சாலை மட்டத்திலிருந்து உள்வாங்கிய பாதாளச் சாக்கடை போன்றவற்றின் மூடிகள். பள்ளத்தைத் தேடப் போனவர்களுக்கு வேறு யாரோ சரிசெய்ய வேண்டிய வேலை அகப்பட்டது.

சரி, ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். என்ன கேட்பது? "இந்தச் சேவையை எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் "ஒரு ஆப் வேண்டும்", "ஊழியர்கள் மரியாதையாகப் பேச வேண்டும்" என்றுதான் பதில் வரும். தவறில்லை, ஆனால் அதை வைத்து ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. "கடைசியாக விண்ணப்பித்தபோது என்ன நடந்தது? எத்தனை முறை வர வேண்டியிருந்தது? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் சான்றிதழை இரண்டு முறை கேட்டார்கள், எந்தக் கவுன்டரிலிருந்து எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். தீர்வைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மக்கள் தலையில் கட்டக் கூடாது. தீர்வின் மாதிரி தயாரானதும், முதலில் பேசிய அதே ஆட்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கருத்து முரண்படும் விஷயங்களில் சாதாரணக் கருத்துப் பெட்டி உதவாது. சத்தமாகப் பேசுகிற நாலு பேர் மற்றவர்களை விரட்டிவிடுவார்கள். தைவானில் வி-தைவான் என்ற முயற்சி 2015-இல் ஊபர் டாக்ஸிகளை எப்படி நெறிப்படுத்துவது என்ற விவாதத்துக்குப் போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளைப் பயன்படுத்தியது. அதில் யார் வேண்டுமானாலும் ஒரு கூற்றை எழுதலாம்; மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து செல்கிறேன் என்று மட்டும் சொல்லலாம். பதில் எழுத வசதியே கிடையாது. சண்டைக்கு இடமில்லாததால், எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒப்புக்கொள்ளும் கூற்றுகள் எவை என்பது திரையில் துலங்கியது. இப்படிப்பட்ட சின்ன வடிவமைப்பு முடிவுகள்தான் விவாதத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

எதை மக்கள் முடிவுக்கு விடுகிறோம், எதை விடவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2016-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வென்றது 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற கேலிப் பெயர். கடைசியில் கப்பலுக்கு, இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்துவிட்டு, வென்ற பெயரை ஒரு தானியங்கி நீர்மூழ்கிக்குக் கொடுத்தார்கள். கப்பல் என்பதால் சிரிப்போடு போயிற்று. ஒரு மருத்துவமனையின் வேலை நேரத்தைப் பற்றி இப்படிக் கேட்டுவிட்டு வேறு முடிவு எடுத்திருந்தால், அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதில் சொல்வதில்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன. பார்சிலோனா நகரம் 2016-இல் டெசிடிம் என்ற தளத்தைத் தொடங்கி, நகரத் திட்டத்துக்காக 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகளைத் திரட்டியது. நேரடிக் கூட்டங்களில் வந்தவற்றையும் அதே தளத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் ஏற்கப்பட்டதா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று பதில் எழுத அதில் இடம் உண்டு. பிரிட்டனில் 2007-இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இன்னும் எளிமையானது: தெருப் புகாரை உரிய உள்ளாட்சிக்கு அனுப்பிவிட்டு, நான்கு வாரம் கழித்துப் புகார் கொடுத்தவரிடமே "சரி செய்தார்களா?" என்று கேட்கும். வேலை முடிந்ததா என்பதை அலுவலகம் மட்டும் சொன்னால் போதாது என்பதால் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

அடையாளம் பற்றி ஒரு வார்த்தை. வாக்கெடுப்பு என்றால் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதற்காகச் சரிபார்ப்பு தேவை. வெறும் அனுபவத்தைக் கேட்பதற்கு அடையாள எண்ணும் பிறந்த தேதியும் எதற்கு? அதே அலுவலகத்தில் நாளைக்கும் போய் நிற்க வேண்டியவர் பெயரைப் போட்டுக் குறை சொல்ல மாட்டார்.

அப்புறம், யாரும் பேசாத ஒப்பந்த விஷயம். தளத்தைக் கட்டிய நிறுவனத்தின் வேலை 'ஒப்படைப்பு' நாளோடு முடிந்துவிடும். மக்களின் கருத்துகள் வரத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அப்போது படிவத்தில் ஒரு கட்டத்தை நீக்க வேண்டுமென்றால் புது டெண்டர், புதுக் கோப்பு. அதனால் ஒவ்வொரு புது வேலையின் முதல் கூட்டத்திலும் நான் கேட்பது இதைத்தான்: ஆறு மாதம் கழித்து இந்தப் படிவத்தில் ஒரு வரியை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கும், அதற்கான பணம் எந்த நிதித் தலைப்பில் இருக்கும்? பதில் இல்லையென்றால், கருத்துக் கேட்கும் பகுதியை இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுவேன்.